இரண்டாம் சுற்று

தொண்ணூற்றிரண்டு நொடி.
மாரிபோரில் பூட்டுச் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு
அறுபதாம் ஆண்டுப் படம்.
ஒரு பெண் இரவுப்பணி முடிந்து வருகிறாள்,
படியேறுகிறாள், கதவைத் திறக்கிறாள்,
உள்ளே போய்ச் சாத்துகிறாள்.
அவ்வளவுதான் கதை.
மீதியை வோய்கோ சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு.

"வீடு என்பது சுவர்கள் அல்ல" என்று தொடங்கும்
அந்த உரையை எழுதியதும் நான்தான்.
பிப்ரவரியில், காய்ச்சலில்,
முன்பணம் வந்து செலவாகியும் விட்டிருந்தது.
இப்போது ஓட்டிக் கேட்கும்போதெல்லாம்
செருப்புக்குள் புகுந்த கல்லாய்
அந்த "அல்ல" உறுத்துகிறது.
சுவர்கள்தான்.
என் வீட்டில் சுவர்கள்தான்,
ஒன்றில் ஈரம் வேறு.

வோய்கோவின் குரல் நல்ல குரல்.
தேன், புகை, அடியில் கொஞ்சம் இரும்பு.
சிக்கல், அதை ஊரே அறியும்:
ரயில் நிலையத்தில் அறிவிப்பவர் அவர்.
"நம்பிக்கை" என்று அவர் சொன்னால்
தொகுப்பறையில் நெஷ்கா கைப்பையைத் தேடுகிறாள்.
"எந்த நடைமேடை?" என்கிறாள்.

நிறுவனத்தின் சார்பில் வந்த பிரிகிதா சிரிக்கவில்லை.
"வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.
குரலை எடுத்துவிட்டால்
இது பூட்டுப் படமா, செருப்புப் படமா?
படியேறும் கால்களே முப்பது நொடி வருகின்றன.
என் முதலாளி கண்ணாடி போடாமல் பார்ப்பார்.
அவருக்குக் காதில்தான் சொல்லவேண்டும்."
அவள் சொன்னதில் பிழையில்லை.
அதுதான் எரிச்சல்.

குரலோடு ஒருமுறை ஓட்டினோம்.
குரலில்லாமல் ஒருமுறை.
குரலைக் குறைத்து, இசையைக் கூட்டி,
இசையை எடுத்து, மழையைப் போட்டு,
மழை பொய்யாய்க் கேட்க அதையும் எடுத்து,
வியாழன் மாலைக்குள்
எனக்குப் படமே தெரியாமல் போயிற்று,
நெடுநேரம் சொல்லிப் பார்த்த சொந்தப் பெயர்போல.

வெள்ளியன்று வோய்கோ மறுபதிவுக்கு வந்தார்.
மேலங்கியைக் கழற்றாமலே ஒலிக்கூண்டில் நின்றார்.
எழுபத்தோராம் நொடியில் பேசவேண்டும்.
பேசவில்லை.
மறுபடி ஓட்டினோம்.
உதடு பிரிந்தது, மூச்சை இழுத்தார்,
பேசவில்லை.
"மன்னிக்கணும்," என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து,
"அந்தம்மா ரெண்டு தடவை பூட்டுறாங்க.
அதைக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்."

நாங்கள் கேட்டதே இல்லை.
திரைக்கதையில் ஒரு சுற்றுதான்.
நடித்தவள் தன் கையின் பழக்கத்தில்
சாவியை இன்னொரு சுற்றுத் திருப்பியிருக்கிறாள்.
முதல் சுற்று பூட்டுக்கு.
இரண்டாவது யாருக்கென்று தெரியவில்லை.
ஏழு வாரமாக அந்தச் சின்ன 'டக்'கின் மேல்
என் "நம்பிக்கை" உட்கார்ந்திருந்தது,
பேருந்தில் அடுத்தவர் தொப்பிமேல் உட்கார்ந்தவன்போல,
சுகமாக.

கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு வோய்கோ கேட்டார்:
"வேண்டாம்னாலும் காசு உண்டுதானே?"
உண்டு என்றாள் பிரிகிதா,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு கோப்புகளையும் அனுப்பினோம்.
முடிவெடுக்கத் துணிவில்லாதவர்கள் செய்வது அதுதான்.
திங்கள் பகல் முதலாளியின் பதில் வந்தது:
பேச்சு வேண்டாம்,
கடைசியில் பெயரை மட்டும் சொல்லட்டும்.
பெயர் இரண்டே அசை.
வோய்கோ முதல் பதிவிலேயே சொல்லிமுடித்து
பக்கத்துக் கடை மூடுமுன் ரொட்டி வாங்க ஓடினார்.

இரண்டு நாள் கழித்து
கிராட்ஸ் போகும் வண்டிக்காக நின்றேன்.
அவர் குரல் கூரையிலிருந்து இறங்கியது:
பன்னிரண்டு நிமிடம் தாமதம்,
மூன்றாம் நடைமேடை.
என்னருகே பெட்டிமேல் குந்தியிருந்த பையன்
எழுந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு
படிக்கட்டை நோக்கி நடந்தான்.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
நான் நின்றது இரண்டாவதில்.